ஆண்புழுவின் வால்

ஜூன் மாதம். டண்டீயில் இரவு பதினொன்று,
இன்னும் முழுதாய் இருட்டவில்லை.
டே ஆற்றிலிருந்து ஏறிவந்த கடல்மூட்டம்
ஆய்வக ஜன்னலில் மூக்கை அழுத்தி நிற்கிறது.
நான் உருப்பெருக்கியில் கண்ணை அழுத்தியிருக்கிறேன்.

கீழே, பாக்டீரியா பூசிய கூழ்த்தட்டில்
ஒரு மில்லிமீட்டர் நீள வாழ்க்கை.
ஆண் பின்பக்கமாகவே ஊர்ந்து போகிறான்.
கண் கிடையாது அவனுக்கு.
வால்தான் பார்வை, வால்தான் விரல்.
விசிறியாய் விரிந்த அந்த வாலை
அவள் உடம்பில் ஒட்டவைத்து
நுனிவரை தடவி, திரும்பி, மறுபக்கமும் தடவி
நடுவயிற்றின் சின்ன வாசலைக்
கண்டுபிடித்தாக வேண்டும்.

அவளோ நிற்பதில்லை.
அவள் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான்;
விந்தும் முட்டையும் தன்னிடமே உள்ளவள்.
இவன் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று
மேய்ந்துகொண்டே நகர்கிறாள்.
அவள் நெளிந்தால் நெளியவேண்டியது இவன் பாடு.

ஒரு வாலை வளைக்க
எத்தனை பேர் வேண்டியிருக்கிறது!
அசிட்டைல்கோலின் இரண்டு கட்சிக்கும் ஆள் அனுப்புகிறது:
வயிற்றுப்பக்கம் இழு,
முதுகுப்பக்கம் இழு.
வயிற்றுப்பக்கத்துக்கு ஆணுக்கே வாய்த்த தசைகள்,
முதுகுப்பக்கத்துக்கு அவளுக்கும் உள்ள பொதுத்தசை.
இழுபறியில் இருபுறமும் உறைந்துவிடாமல்
காபா எதிர்க்கட்சியின் காதில் போய்ச் சொல்கிறது:
கொஞ்சம் விடு.

அது சொல்ல ஆளில்லாத ஒருவன்
என் மூன்றாம் தட்டில் இருக்கிறான்.
இரு பக்கமும் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ள,
வால் குச்சியாகிறது.
அவள் திரும்புகிறாள்.
குச்சி காற்றில் நிற்கிறது.
நோட்டில் ஒரு கோடு போடுகிறேன்.

செரட்டோனின் கடைசியில் வருகிறது, அவசரமில்லாமல்.
வளைந்ததை வளைந்தபடியே
இன்னும் சற்று நேரம் தாங்கச் சொல்கிறது.
அது சுரக்கும் நரம்பணுக்களை நேற்று
லேசரால் ஒவ்வொன்றாய்ச் சுட்டேன்.
கை நடுங்கவில்லை. பிறகு டீ குடித்தேன்.

ஆறு வருடம் என்னோடு இருந்த ருவரி
போன மாதம் அபர்டீனுக்கு வேலை மாறிப் போனான்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
உவமை தேடுகிறவர்கள் அடுத்த கட்டிடத்துக்குப் போகலாம்.

தொலைபேசி. கிளென் ஐலாவிலிருந்து அண்ணன் டார்குவில்.
குட்டி ஆடுகளுக்கு மருந்து புகட்டிவிட்டு
இப்போதுதான் பூட்ஸைக் கழற்றினானாம்.
"உன் லெவமிசோல் வேலை செய்யவில்லை, இஷ்பெல்.
பத்து நாள் கழித்தும் சாணத்தில் முட்டை."
என்னுடையதில்லை அது என்றேன்.
ஆனால் மதியம் அதே மருந்தில் ஒரு துளி
என் தட்டில் விட்டிருந்தேன்;
வால்கள் எல்லாம் கொக்கியாய்ச் சுருண்டன.
எந்தப் பூட்டில் அசிட்டைல்கோலின் நுழையுமோ
அதே பூட்டில் நுழைகிற கள்ளச்சாவி அது.
"அப்படியென்றால் என் ஆட்டில்?"
பூட்டை மாற்றியிருப்பார்கள், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் ஆடுகள்.

அவன் வைத்தபின் வெகுநேரம்
தட்டைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.
மூட்டத்துக்கு அப்பால், மலைச்சரிவில்,
படுத்து அசைபோடும் ஏதோ ஒரு குட்டியின்
வெதுவெதுப்பான இருட்டுக்குள்
மருந்துக்கு மசியாத ஒருவன்
இந்நேரம் வாலை அளவாய் வளைத்துக்கொண்டிருப்பான்,
பிடித்தும் விட்டும்.
அவனை யாரும் எண்ணப்போவதில்லை.

என்னுடையவர்களை எண்ணினேன்.
பதினேழு பேரில் வாசலை அடைந்தவர் ஐவர்.
மூன்றாம் தட்டின் குச்சிவாலன்
ஆறாவது முறையாக அவளை முட்டிக்கொண்டிருந்தான்.
கணக்கு நேரம் முடிந்துவிட்டது;
அது நோட்டில் ஏறாது.

ஆனாலும் அரைமணி பார்த்தேன்.
பிறகு தட்டுகளைத் தலைகீழாய் அடுக்கி
இருபது டிகிரிப் பெட்டிக்குள் வைத்து
மெல்லச் சாத்தினேன்.